அப்பாவின் வாட்ச், அம்மாவின் சுகர்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் கும்பகோணத்தில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறேன். அப்பாவுக்கு வயது 68. சுகர், பிரஷர் இரண்டும் பல வருடமாக உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி தீபாவளிக்கு வந்தபோது அவருக்கு விலை உயர்ந்த ஸ்மார்ட்வாட்ச் ஒன்றை வாங்கி வந்தான். அதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ராத்திரி முழிப்பு வந்தால் அப்பா அதைத்தான் பார்க்கிறார். ஆக்சிஜன் 91 என்று இருந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்த எண்கள் தம்பியின் போனுக்கும் போகின்றன. அவன் நடுராத்திரியில் கூப்பிட்டு என்னை எழுப்புகிறான். நடுவில் இரண்டு முறை ‘இதயத் துடிப்பு சீராக இல்லை’ என்று வாட்ச் எச்சரித்தது. அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டோம். அம்மாவுக்கு வயது 63. சுகர் மாத்திரையோடு ராத்திரி இன்சுலினும் போடுகிறார். அவருக்கும் ஆசை வந்ததால் ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். அது பிரஷர், சுகர் இரண்டையும் காட்டுகிறது. எப்போது பார்த்தாலும் சுகர் 115, 120 என்றே இருப்பதால் விரலில் குத்திப் பார்ப்பதை அம்மா நிறுத்திவிட்டார். எங்கள் டாக்டரிடம் சொன்னால், “எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்” என்கிறார். தம்பியோ, “அவருக்கு டெக்னாலஜி தெரியவில்லை” என்கிறான். நான் யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரி அம்மா இன்சுலின் போடுவதற்கு முன் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். ஸ்ட்ரிப் காலாவதி ஆகியிருந்தால் புதிது வாங்கிவிடுங்கள். கடிதத்தில் இருக்கும் மற்ற விஷயங்கள் ஓரிரு நாள் பொறுக்கும். இது பொறுக்காது.

அம்மாவின் வாட்ச் சுகரை அளக்கவில்லை. அதன் முதுகில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் போய், ரத்தத்தில் பட்டுத் திரும்பி வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அதை வைத்து நாடித்துடிப்பை எண்ணலாம். சுகரை எண்ண முடியாது. ரத்தத்தில் நீர், புரதம், கொழுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் குளுக்கோஸ் மிகக் குறைந்த அளவிலேயே இருக்கிறது. தோலைத் துளைக்காமல் அதை மட்டும் பிரித்து அளப்பதற்குப் பெரிய பெரிய நிறுவனங்கள் பல வருடமாகப் பாடுபடுகின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே சுகரை அளப்பதாகச் சொல்லும் எந்த ஸ்மார்ட்வாட்சையும், எந்த மோதிரத்தையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அது நேரடியாகச் சொன்னது.

நீங்களே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எப்போது பார்த்தாலும் 115, 120. இன்சுலின் போடும் ஒருவருக்கு, பொங்கல் சாப்பிட்ட பிறகும் அதே எண், வெறும் வயிற்றிலும் அதே எண் என்று வர வாய்ப்பே இல்லை. அது மாறாமல் நிற்பதே அது அளக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஒரு நாள் குளுக்கோமீட்டரோடு அது ஒத்துப்போனாலும் நம்பிவிடாதீர்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் லோ சுகர். அதிக சுகர் மெதுவாகக் கெடுக்கும். லோ சுகர் ஒரே ராத்திரியில் ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் இன்சுலின் மட்டும் போட்டுக்கொண்டு படுத்தால், விடியற்காலையில் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்போது வாட்ச் 118 என்று காட்டினால் நீங்கள் அதை வயசுக் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். விரலில் குத்திப் பார்த்து 70-க்குக் கீழே இருந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு விரலில் குத்துவது அலுத்துப்போயிருக்கும். அது எனக்குப் புரிகிறது. அதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் தொடர் குளுக்கோஸ் சென்சார். பெரிய நாணயம் அளவில் இருக்கும். அதில் முடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் போய், செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் குளுக்கோஸை அளந்து போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு வாரம் வரை வேலை செய்யும். விலை சில ஆயிரம் ரூபாய். எல்லா மாதமும் போடத் தேவையில்லை. ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தாலே ராத்திரியில் சுகர் எங்கே இறங்குகிறது, இட்லிக்கு எவ்வளவு ஏறுகிறது, சப்பாத்திக்கு எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். டாக்டர் அதை வைத்து இன்சுலின் அளவைத் திருத்துவார். ரத்தத்தில் நடப்பதைச் சில நிமிடங்கள் தாமதமாகத்தான் அது காட்டும். அந்தக் கைமேல் சாய்ந்து படுத்தால் தவறாகக் குறைத்தும் காட்டும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பார்ப்பதே முடிவு.

சரி, அப்பாவிடம் வருவோம். ஆக்சிஜன் எண்ணுக்குப் பயந்து ராத்தூக்கம் கெடுகிறது. துடிப்பு சீராக இல்லை என்று வந்த எச்சரிக்கையை வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. நானாக இருந்தால் தலைகீழாகச் செய்திருப்பேன்.

துடிப்பு சீராக இல்லை என்று வாட்ச் சொல்லும்போது, அது பெரும்பாலும் தேடுவது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற நிலையை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கும். அதனால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நிலை உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. இதில் கொடுமை என்னவென்றால், பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகே துடிப்பில் கோளாறு என்று தெரிய வருபவர்கள் உண்டு. “ஒரு தொந்தரவும் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டோம்” என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது.

வாட்ச் சொல்வது எவ்வளவு சரி? அமெரிக்காவில் ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. அவர்களில் 2,161 பேருக்குத்தான் இந்த எச்சரிக்கை வந்தது, அதாவது 0.52 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களுக்கு நெஞ்சில் ஒட்டும் இசிஜி பட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். அதைப் போட்டுத் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தது. மீதிப் பேருக்கு வாட்ச் பொய் சொன்னது என்று அர்த்தம் இல்லை. இந்தக் கோளாறு வந்து வந்து போகும், பட்டை போய்ச் சேர்வதற்குள் அடங்கியிருக்கலாம். பட்டை போட்டிருந்த நேரத்திலேயே வாட்சும் எச்சரித்தபோது, 84 சதவீதம் சரியாக இருந்தது. அந்த ஆய்வில் இளைஞர்கள் நிறைய. உங்கள் அப்பாவுக்கோ 68 வயது, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அந்த மூன்றுமே பக்கவாத ஆபத்தைக் கணக்கிடும்போது நாங்கள் மதிப்பெண் போடும் விஷயங்கள். அவருக்கு வந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வாரத்துக்குள் அப்பாவை அழைத்துப்போய், இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பார்க்கும் 12 லீட் இசிஜி எடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். “வாட்ச் இரண்டு முறை எச்சரித்தது, ஹோல்டர் வைத்துப் பார்க்கலாமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாளோ அதற்கு மேலோ இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சின்னக் கருவி அது. எக்கோ என்ற இதய ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் அவர் சொல்லக்கூடும். இசிஜி எடுக்கும் வசதி அந்த வாட்சில் இருந்தால், அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்து முப்பது விநாடி பதிவு எடுக்கட்டும். அதைப் பிடிஎஃப் ஆக்கி டாக்டருக்கு அனுப்புங்கள். எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இசிஜி கோடு இருந்தால் படித்துச் சொல்வார். அப்புறம், நீங்களும் நாடி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தால் உங்களுக்கே தெரியும்.

இதோடு இரண்டு எச்சரிக்கைகள். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானால் தேவைப்படும் மருந்து வேறு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது. அதன் இசிஜி இதயத்தை ஒரே கோணத்திலிருந்துதான் பார்க்கிறது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை என்றால் வாட்ச் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சுகர் உள்ளவர்களுக்கு வலி இல்லாமல் வெறும் மூச்சிரைப்போடும் மாரடைப்பு வரும்.

இனி அந்த 91. நாடித்துடிப்பை வைத்து ரத்த ஆக்சிஜனை வெளிச்சத்தால் அளக்கும் வழியை 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்ட கருவி அந்த வழியில் வந்ததுதான். விரலில் வெளிச்சம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரும். மணிக்கட்டில் அப்படி ஊடுருவ முடியாது, பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையே வாட்ச் நம்பியிருக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால், கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்தால், கை ஜில்லிட்டிருந்தால் எண் குறையும். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் அதுவும் வெளிச்சத்தை மறைக்கும். நம் ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு இது பொருந்தும். கறுத்த தோலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் விரல் கருவியை வைத்தே நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்த சம்பவங்கள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். ஆக, எண் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

ராத்திரி ஒரு முறை 91 வந்தால், எழுந்து உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, விரல் கருவியில் பாருங்கள். 95-க்கு மேல் இருந்து மூச்சும் சாதாரணமாக இருந்தால் படுத்துத் தூங்கலாம். விரலிலும் 90-க்குக் கீழேயே நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடைப்பட்ட எண் அடிக்கடி வந்தால் பகலில் டாக்டரைப் பாருங்கள்.

அதே சமயம் ஒன்று கேட்கிறேன். அப்பா சத்தமாகக் குறட்டை விடுவாரா? குறட்டை நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி மறுபடி ஆரம்பிக்கிறதா? காலையில் தலைவலி, பகலில் பேப்பர் படிக்கும்போதே தூக்கம் என்று இருக்கிறதா? அம்மாவைக் கேட்டால் தெரியும். இருந்தால், தூக்கத்தில் மூச்சு அடைபடும் ‘ஸ்லீப் ஆப்னியா’ இருக்கலாம். அது பிரஷரையும் ஏற்றும், துடிப்பையும் தாளம் தப்ப வைக்கும். ஆக்சிஜன் குறைவதும் துடிப்புக் கோளாறும் ஒரே இடத்திலிருந்து வரலாம். அதனால் இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரஷர் விஷயத்தில் வாட்சை விட்டுவிட்டு, மேல்கையில் சுற்றும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற சில வாட்ச்கள்கூட, மேல்கைக் கருவியோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்திக்கொண்டால்தான் மதிப்பிட முடியும். சாம்சங் வாட்சுக்கு அது 28 நாளைக்கு ஒரு முறை. சோதித்துச் சரிபார்த்த கருவிகளின் பட்டியல் ‘ஸ்ட்ரைட் பிபி’ இணையதளத்தில் இருக்கிறது. காபி குடித்து அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் மருந்தைத் திருத்த வேண்டியிருக்கும். இருவருக்கும் இது பொருந்தும்.

இப்போது உங்கள் டாக்டருக்கும் தம்பிக்கும் நடுவில் இருக்கும் சண்டை. டாக்டரின் எரிச்சல் எனக்குப் புரியும். நூறு எண்களோடு ஒருவர் வந்து நின்றால், எதற்காக எடுத்தார், எப்போது எடுத்தார் என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் அப்பாவின் வாட்சைக் கழற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. போனும் சென்சாரும் நம் ஊரிலேயே உயிர் காத்திருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சுகர் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்கள். எல்லோருக்கும் உணவு, நடைப்பயிற்சி பற்றி ஆலோசனை. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக, சாதாரண போனில் அடிக்கடி குறுஞ்செய்தி. இரண்டு வருடத்தில் குறுஞ்செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சுகர் வந்தது. ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை. அதேபோல, கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் முன்னின்று தமிழகத்தில் நடத்திய மாரடைப்புத் திட்டத்தில், சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுத்த இசிஜியைப் பெரிய மையத்துக்கு அனுப்பிச் சிகிச்சையை விரைவாக்கினார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள்.

இரண்டிலும் மறுமுனையில் ஒரு ஆள் இருந்தார். எந்தச் செய்தி யாருக்குப் போக வேண்டும், இந்த இசிஜி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். உங்கள் வீட்டில் மறுமுனையில் இருப்பது சிங்கப்பூரில் தவிக்கும் தம்பி. அவனிடம் எண் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது என்ற முடிவு இல்லை. அதனால்தான் உங்களை எழுப்புகிறான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்த முடிவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த எண் வந்தால் உடனே ஆஸ்பத்திரி, எந்த எண் வந்தால் மறுநாள் போன், எதைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்று ஒரு காகிதத்தில். அவரிடம் ஸ்கிரீன்ஷாட் காட்டாதீர்கள். ஏழு நாள் பிரஷர், விரலில் குத்திப் பார்த்த சுகர், எச்சரிக்கை வந்த தேதியும் நேரமும், இவை ஒரே பக்கத்தில் இருந்தால் எந்த டாக்டரும் படிப்பார். ஒவ்வொரு முறையும் நேரில் போகத் தேவையில்லை. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, பதிவு பெற்ற டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் ஆலோசனை தரலாம். தம்பியும் அந்த வீடியோவில் சேர்ந்துகொள்ளட்டும், டாக்டர் மேல் அவனுக்கு இருக்கும் சந்தேகம் அங்கேயே தீரும். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் இந்த ஆலோசனை இலவசம். அம்மாவுக்கு வெளியே போவது சிரமமாக இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்கள் உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறார்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி வந்து பரிசோதித்து மருந்து கொடுக்கும் திட்டம் அது.

அப்பாவின் வாட்சில் ராத்திரி ஆக்சிஜன் அளவீட்டை டாக்டரைப் பார்க்கும்வரை அணைத்து வையுங்கள். துடிப்பு எச்சரிக்கையும், கீழே விழுந்தால் தகவல் அனுப்பும் வசதியும் இருக்கட்டும். நடந்த அடிகளைப் பார்ப்பதும் நல்லதுதான். 10,000 அடி என்ற இலக்கு 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ஒரு நடைக்கருவியின் பெயரிலிருந்து பரவியது, அதை எட்டாவிட்டால் குற்றமில்லை. சுகர் உள்ள காலுக்குச் செருப்புதான் முக்கியம், வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். அப்புறம், தன் உடம்பின் எண்கள் மகன் போனுக்குப் போவதில் அப்பாவுக்குச் சம்மதமா என்று ஒரு தடவை அவரிடமே கேளுங்கள். கூச்சத்தால் அவர் சொல்லாமல் இருக்கலாம். வேண்டாம் என்றால் எதைப் பகிர்வது என்பதை அவரே தேர்ந்தெடுக்கும்படி அமைப்பை மாற்றிவிடலாம்.

தம்பியிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவனால் செய்ய முடிகிற உதவிகள் நிறைய இருக்கின்றன. மேல்கைப் பிரஷர் கருவி, அம்மாவுக்கு ஒரு குளுக்கோஸ் சென்சார், மாதா மாதம் ஸ்ட்ரிப் செலவு, இவற்றை அவன் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்து மூன்று மாதம் தாண்டியிருந்தால் அதையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். விரலில் குத்தாமல் விட்ட நாட்களில் சுகர் எப்படி இருந்தது என்று அதில் ஓரளவு தெரியும். அந்த முடிவையும் அப்பாவின் இசிஜியில் என்ன வந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.